அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்

இரத்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் அதிகாரமும் மிக்க ஷிரானி அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். குவைத்தில் உங்களுக்கு மாதா துணை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்! போனில் சொன்னால் பாதியிலேயே அழுவீங்க, அதனால்தான் கடிதம்.

"உன் வாய்க்கு அம்மா அசைய மாட்டாங்க" என்றீர்களே, இன்று அம்மா மாத்தளைக்குப் போய் மார்புக் கட்டியைக் காட்டிவிட்டு வந்தாச்சு. ஏசி கம்ப்ரஸரில் சின்னச் சத்தம் கேட்டாலே கழற்றிப் பார்க்கிறவன் நான். பெரியம்மா இதே மாதிரிக் கட்டி புற்றுநோயாகிப் போனதைப் பார்த்த பிறகும் அம்மா மாசக்கணக்கா மிளகு காயவைத்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்காதா? உலகம் முழுக்கப் பெண்கள் இப்படித்தான் தங்கள் உடம்பைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று போனைப் பார்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப உலகத்துப் பொம்பளைங்க மொதல்ல போய்ட்டு வரட்டும்டா, நான் கடைசியில பாத்துக்கிறேன்"ங்கிறாங்க. தனியாப் போக வெக்கம்னு புரிஞ்சு வேன் பிடிச்சேன். மார்ஜரி ஆன்டி, நூருன்னிஸா ஆன்டி என்று பாதித் தெருவை அம்மா கூப்பிட்டுட்டாங்க. ஆளுக்கொரு பை, அம்மா கட்டின சோத்துப் பார்சல் வேற. முதல் வளைவுல மார்ஜரி ஆன்டி வாந்தி, அடுத்த வளைவுல ரேடியேட்டர் கொதிச்சிருச்சு, நான் அவசரத்துல ஊத்தின போத்தல்ல இருந்தது சீனி போட்ட எலுமிச்சைத் தண்ணி. அதுக்கப்புறம் டிரைவர் என்னோட பேசல. கிளினிக் வாசல்ல, ஆம்பளைங்க வெளிய நில்லுங்கன்னு நர்ஸ் மிஸ்ஸி விரட்டிட்டாங்க. மத்தியானம் எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. மார்ஜரி ஆன்டிக்குப் பிரஷராம், நூருன்னிஸா ஆன்டிக்குச் சீனி வருத்தமாம், மருந்து குடுத்தாச்சு. உங்களுக்கு என்ன சொன்னாங்கன்னு அம்மாவைக் கேட்டேன். "மிஸ்ஸி தங்கமான பிள்ளைடா. என் சம்பல் நல்லாருக்குன்னு சொல்லிச்சு." கெட்ட செய்தின்னா இப்படியா பேசுவாங்க?

ஆகவே நிம்மதியாகத் தூங்குங்கள். மச்சானுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு முத்தம். இனி என் மூளையைச் சந்தேகிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற தம்பி
ஜெஸ்டின்

பி.கு.: மேலே இருப்பதை எல்லாம் அடித்துவிடுங்கள். சம்பல் போத்தலைத் திருப்பிக் கொடுக்க வந்த மார்ஜரி ஆன்டி இப்பதான் சொன்னாங்க, அம்மா டாக்டர் அறைக்குள்ள போகவே இல்லையாம். பேர் கூப்பிட்டப்ப, "பையைப் பாக்க ஆள் வேணாமா, நீங்க போங்க"ன்னு மத்தவங்களை அனுப்பிட்டு, எல்லார் பையையும் மடியில வெச்சுக்கிட்டு கிளினிக் மூடுற வரைக்கும் உக்காந்திருந்தாங்களாம். அடுத்த செவ்வாய் நாம ரெண்டு பேரும் மட்டும் போறோம்னு கத்தினேன். "ரெண்டு பேருக்கு எப்படிடா சோறு கட்டுறது, மார்ஜரியும் வரட்டுமே"ங்கிறாங்க. வரட்டும் அக்கா, தெருவே வரட்டும். பைகளைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வாசல்ல நான் நிக்கிறேன்.