என் கோட்டை மிதித்தவள்

அயர்லாந்தின் மானத்தைக் காப்பாற்றுவது என்று போன மார்ச் மாதம் முடிவு செய்தேன். அந்த வேலைக்கு வேறு யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

ஜப்பான்காரனுக்குக் கராத்தே இருக்கிறது. பிரேசில்காரன் தலைகீழாக நின்று காலால் அடிக்கிறான். எங்களுக்கும் ஒன்று இருந்தது. கருமுள் மரத்துத் தடியால் அடுத்தவன் மண்டையைப் பிளக்கும் கலை. பாட்டரக்த் என்று பெயர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டிப்பரரியில் திருவிழா என்றால் பக்கத்துக்கு நூறு பேர் தடியோடு இறங்குவார்கள். மதியம் வரை அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். அப்புறம் போலீஸ் வந்தது, பாதிரியார்கள் திட்டினார்கள், எல்லாம் போயிற்று. இப்போது எங்கள் கில்மோரன் கடைத்தெருவில் நீங்கள் ஒருவன் காலை மிதித்தால், மிதிபட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்பான்.

நான் லோர்க்கன் ஹெஃபர்னன். வயது ஐம்பத்து நாலு. கூட்டுறவுக் கடையில் இரும்புச் சாமான் பகுதியில் குழாய் வாஷர் விற்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் பயந்ததில்லை, கடைப் பூனை உட்பட. ஒரே ஒரு தடவை, நான் நடந்து வருவதைப் பார்த்து யாராவது ஓர் அடி பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஏங்கியிருக்கிறேன்.

லிமரிக்கில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். எங்கள் முப்பாட்டன்கள் சண்டையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யூர்கன், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஜெர்மானியர். “தடியை அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடி, கீழே நீளும் கட்டை முழங்கையைக் காக்கும்” என்றார். பிடித்தேன். முழங்கை பத்திரமாக இருந்தது. மேலே நீண்ட பகுதி என் காதிலேயே விழுந்தது. கிளம்பும்போது அவரே தொகுத்த தடியடி விதிப் புத்தகம் ஒன்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொண்ணூற்றிரண்டு விதிகள். எங்கள் ஆட்கள் விதியே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்திருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து தினமும் சாப்பாட்டு மேஜையில் சத்தம் போட்டு வாசித்தேன். மனைவி ஃபிடெல்மா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே “ம்” கொட்டினாள்.

ஊரில் சங்கம் ஆரம்பித்தேன். தலைவர் நான். உறுப்பினர் பாஸ்கல், பக்கத்து வீட்டுக்காரன், இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டவன். பயிற்சிக்குத்தான் இடம் இல்லை. பங்குக் கோயில் மண்டபத்தில் வாரம் முழுக்கப் பெண்களின் பிங்கோ எண் விளையாட்டு. தோட்டத்துக் கொட்டகையில் ஃபிடெல்மாவின் பெரிய ஃப்ரீஸர். பாக்கி இருந்தது எங்கள் வீட்டு முன் அறை.

எங்கள் ஊர் வீடுகளில் முன் அறை என்பது வீட்டுக்காரர்களுக்கானது அல்ல. நல்ல சோபா, நல்ல பீங்கான், நல்ல திரைச்சீலை எல்லாம் அங்கேதான். கதவு வருஷம் முழுக்கச் சாத்தியே இருக்கும். பாதிரியார் வந்தால் திறக்கும், பாஸ்டனிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் திறக்கும். வீட்டுக்காரன் அந்த அறையில் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் செத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் உட்கார விடமாட்டார்கள், படுக்கத்தான் விடுவார்கள்.

நான் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கருமுள் தடிக்கு வெண்ணெய் பூசிப் புகைபோக்கிக்குள் சில மாதம் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் புகை ஏறி இரும்பாகும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே புகைபோக்கி முன் அறையில் இருந்தது. ஃபிடெல்மா வேலைக்குப் போன நேரத்தில் ஆறு தடிக்கு அரைக் கிலோ வெண்ணெய் பூசி, கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன்.

ஏப்ரலில் ஃபாதர் இக்னேஷியஸ் தேநீருக்கு வந்தார். ஃபிடெல்மா மரியாதைக்கு அடுப்பை மூட்டினாள். முதலில் வெண்ணெய் உருகியது. பிறகு கயிறு எரிந்தது. பிறகு ஆறு தடியும் வரிசையாக, ஒரு கூடைக் கரியோடு, ஃபாதரின் காலடியில் வந்து விழுந்தன. அவருடைய வெள்ளைக் காலர் மட்டுமல்ல, அவரே கறுப்பாகிவிட்டார்.

ஃபாதர் ரொம்ப நல்லவர். “பரவால்லம்மா, கேக்கு நல்லாருக்கு” என்றார். கேக்கும் கறுப்பாகத்தான் இருந்தது.

அவர் போன பிறகு ஃபிடெல்மா சமையலறைக்கு வந்தாள். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நோயாளிகளின் வாயைத் திறக்க வைப்பது டாக்டர், மூட வைப்பது இவள்.

“லோர்க்கன், அந்தப் புகைபோக்கிக்குள்ள என்ன இருந்துச்சு?”

“நம்ம பண்பாடு.”

“எவ்வளவு வெண்ணெய்?”

“அரைக் கிலோ.”

“உப்புப் போட்டதா போடாததா?”

“போட்டது.”

“நல்லது. வறுக்கறதுன்னா உப்பு வேணும்ல. ஃபாதரை முழுசா வறுத்து அனுப்பிட்ட.”

“ஃபிடெல்மா, அந்த ரூம் எனக்கு வேணும். சும்மாதான கெடக்கு?”

“சும்மா கெடக்கலை. விருந்தாளிங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.”

“நான் இந்த வீட்டு ஆம்பளை!”

“அதனாலதான் சொல்றேன், கண்ணு. அது விருந்தாளிங்களுக்கு. நீ வீட்டு ஆளு. சமையல்கட்டுல உக்காரு.”

இரண்டு மாதம் சமையல்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஜூனில் விதிப் புத்தகத்திலேயே வழி கிடைத்தது. விதி பதினொன்று: சண்டை வேண்டும் என்பவன் கோட்டைக் கழற்றி, தரையில் இழுத்துக்கொண்டு திருவிழாத் தெருவில் நடக்கலாம். யார் மிதித்தாலும் அவனோடு சண்டை. ஒருவரும் மிதிக்காவிட்டால் ஊரே அவனிடம் தோற்றதாக அர்த்தம்.

பாஸ்கலிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல எவனாவது அடுத்தவன் கோட்டை மிதிப்பானா?”

அவன் யோசித்தான். “மிதிக்க மாட்டான். கீழ கெடந்தா எடுத்துத் தட்டிக் குடுப்பான். கூடவே டீ குடிக்கிறீங்களான்னு கேப்பான்.”

“அப்ப ஜெயிச்சாச்சு.”

“நான் மிதிச்சா?”

“உன் இடுப்பு என்னாகும்?”

“அதுவும் சரிதான்” என்று விட்டுவிட்டான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஃபிடெல்மாவிடம் பந்தயம் வைத்தேன். ஆகஸ்ட் பங்குத் திருவிழாவன்று கோயில் வாசலிலிருந்து பாலம் வரை கோட்டை இழுத்துக்கொண்டு நடப்பேன். ஒருவரும் மிதிக்காவிட்டால் முன் அறை எனக்கு. மிதித்தவனை நான் ஜெயித்தாலும் எனக்கு. தோற்றால் வாழ்நாளில் அந்த அறைப் பேச்சே எடுக்க மாட்டேன்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டே “சரி” என்றாள்.

“சரியா?”

“சரிங்கறேன். எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். பாஸ்கல் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என் யோசனை எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொன்னதில்லை. ஆனால் ஜெயிக்கப் போகிறவனுக்கு மூளை எங்கே வேலை செய்கிறது? மறுநாளே முன் அறைக்கு ஒரு பெயர்ப் பலகை எழுதக் கொடுத்துவிட்டேன்.

திருவிழாவன்று தூறல். எங்கள் ஊரில் தூறல் மட்டும் என்றால் நல்ல வெயில் என்று கணக்கு. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கோட்டைக் கழற்றினேன். வலது கையில் தடி, இடது கையில் கோட்டு. “தைரியம் இருக்கறவங்க மிதிச்சுப் பாருங்க!” என்று கத்தினேன். முதல் தடவை குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.

பத்து அடி போவதற்குள் கசாப்புக் கடைக்காரர் ஓடி வந்தார். “லோர்க்கன், கோட்டு கீழ இழுபடுதுப்பா!”

“தெரியும்!”

“மழைல நனையுதுப்பா!”

“தெரியும்! மிதிங்க!”

“அய்யோ, நான் ஏன் மிதிக்கறேன்? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

தபால் ஆபீஸ் பக்கம் அசம்ப்டா வந்தாள். ஃபிடெல்மாவின் பிங்கோ தோழி. பின்னால் கனமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவளும் இன்னொரு அம்மாளும் ஆளுக்கொரு நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் நீள அங்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தார்கள்.

“விடுங்கம்மா! தரைல விடுங்க!”

“நல்ல துணிப்பா. பாழாக்கலாமா?”

பேக்கரி வாசலில் ஒரு நாய் வந்து கோட்டின் மேல் படுத்தது. ஊர்வலம் நின்றது. கூட்டம் கூடிவிட்டது.

“நாய் மிதிச்சா சண்டை உண்டா?” என்றார் ஒருவர்.

“நாலு காலு. அப்ப நாலு சண்டை” என்றார் இன்னொருவர்.

கூடவே வந்த பாஸ்கல் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். “நாயைப் பத்தி யூர்கன் ஒண்ணும் எழுதலை.” கடைசியில் ஒரு சாசேஜ் கொடுத்து நாயை எழுப்பினார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் மிதிக்கவில்லை. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. கோட்டில் கால் படக்கூடாதே என்றுதான் ஒதுங்கினார்கள், தெரியும். இருந்தாலும் ஒதுங்கினார்கள்! என்னைப் பார்த்து ஒரு தெருவே ஓர் அடி பின்னால் போயிற்று. தடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். பாலத்துக்கு இன்னும் பத்து அடி. முன் அறைச் சோபாவை எந்த மூலையில் தள்ளுவது என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

கோட்டு நகரவில்லை.

இழுத்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். திருவிழாவுக்காகப் பாலத்துப் பக்கம் போட்டிருந்த கேக் கடையை விட்டு வந்து என் மனைவி கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலாலும். அது போதாதென்று வாசல் மிதியடியில் துடைக்கிற மாதிரி செருப்பை ஒரு தடவை துடைத்தாள்.

“ஃபிடெல்மா, நகரு. இது சண்டைக் கோட்டு.”

“தெரியும். அதான் மிதிச்சிருக்கேன்.”

“நீ எப்படி மிதிக்கலாம்?”

“யார் மிதிச்சாலும்னுதான எழுதிக் குடுத்திருக்க? ஃப்ரிட்ஜ்ல இருக்கு.”

கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த என் நீளக் கம்பளிக் காலுறையை எடுத்தாள். அதன் நுனியில் உருண்டையாக, முஷ்டி அளவுக்கு என்னவோ இருந்தது. மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். விர் விர் என்று சத்தம் வந்தது.

“அதுக்குள்ள என்ன?” என்றேன்.

“விதி அறுபத்தேழு என்ன சொல்லுது?”

பாஸ்கல், துரோகி, உடனே சத்தமாக வாசித்தான். “பெண்கள் காலுறையில் கல்லைப் போட்டுக்கொண்டு சண்டையில் இறங்கலாம். பெண்ணின் மேல் தடியை ஓங்குகிற ஆண், அன்றோடு தடியைத் தொடும் உரிமையை இழப்பான்.”

“இதை நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டின” என்றாள் ஃபிடெல்மா. “மே மாசம். நாம எவ்வளவு நாகரிகமா அடிச்சிருக்கோம் பாருன்னு பெருமையா வேற சொன்ன.”

என் நிலைமையைப் பாருங்கள். தடியை ஓங்கினால் கலை போச்சு. ஓங்காவிட்டால் மண்டை போச்சு. காலுறை என் மூக்குக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது. நான் ஓர் அடி பின்னால் போனேன். இன்னோர் அடி. மூன்றாவது அடியில் கேக் கடை மேஜை வந்துவிட்டது. எலுமிச்சை கேக் மேல் உட்கார்ந்தேன்.

“தோத்துட்டேன்” என்றேன்.

கூட்டம் கைதட்டியது. ஃபாதர் இக்னேஷியஸ்தான் அதிகமாகத் தட்டினார். ஃபிடெல்மா என்னைக் கைகொடுத்துத் தூக்கி, பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, காலுறையை என்னிடமே கொடுத்தாள். உருண்டையைப் பிரித்துப் பார்த்தேன். கல் இல்லை. சுருட்டி வைத்த இன்னொரு காலுறை. ஒரு ஜோடி காலுறையிடம் நான் சரணடைந்திருக்கிறேன்.

அவமானத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே அசம்ப்டா வீட்டுக்கு வந்தாள், அவளோடு பத்துப் பேர். எல்லாரும் பிங்கோ கோஷ்டி.

“ஃபிடெல்மா, எங்களுக்கும் அந்தத் தடியடி சொல்லிக் குடு.”

“வாங்க, உள்ள வாங்க” என்று என் மனைவி முன் அறைக் கதவைத் திறந்தாள். விசாலமாகத் திறந்தாள். சோபாவை ஓரமாகத் தள்ளினாள். பீங்கானைப் பெட்டியில் போட்டாள். நான் ஏப்ரலிலிருந்து கெஞ்சியதெல்லாம் அஞ்சு நிமிஷத்தில் நடந்தது.

“ஃபிடெல்மா! இந்த ரூம்ல தடி கூடாதுன்னியே?”

“உனக்குக் கூடாதுன்னேன். இவங்க விருந்தாளிங்க.”

யூர்கனின் புத்தகமும் அவளிடம் போயிற்று. நான்கு மாதம் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டதில் தொண்ணூற்றிரண்டு விதியும் அவளுக்கு மனப்பாடம். பிடி சரியாக வருகிறது. யாருக்கும் காதில் அடிபடுவதில்லை. இரண்டு வாரம் சமையல்கட்டில் உட்கார்ந்து, சுவர் வழியாக டக் டக் என்று தடிச் சத்தம் கேட்டேன். பொறாமையில் டீ கூட இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டினேன். “என்னையும் சேத்துக்கோங்க. எது சொன்னாலும் செய்யறேன்.”

பதினோரு பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அசம்ப்டா ஃபிடெல்மாவின் காதில் என்னவோ சொன்னாள். ஃபிடெல்மா முகம் மலர்ந்தது.

“நாங்களே உன்னக் கூப்பிடலாம்னுதான் இருந்தோம், கண்ணு. ரொம்ப முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு. உன்னத் தவிர யாராலயும் முடியாது.”

கண் கலங்கிவிட்டது எனக்கு. “தடியை எடுத்துக்கட்டுமா?”

“தடி வேணாம். விதி அறுபத்தேழுப்படி நீதான் எங்க யாரையும் திருப்பி அடிக்க முடியாதே.”

செவ்வாய்க்கிழமைதோறும் ஏழிலிருந்து எட்டரை வரை, வயிற்றில் ஒரு தலையணை, முதுகில் ஒரு தலையணை கட்டிக்கொண்டு முன் அறையின் நட்டநடுவில் நிற்கிறேன்.