உன் திதி நிரலும் பதினோரு தளங்களும்

குன்சான்,
அக்டோபர் 19

அன்பில் குறையாத அண்ணன் மகன் ஹோ-யோலுக்கு, சித்தப்பா பியோ மான்-சோக் எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தி தோக்-சூனும் சுகம். கணினிக்குத்தான் சுகமில்லை, அதனால் கையால் எழுதுகிறேன்.

முன்னோர் திதி சந்திர மாதத்தில் எந்த நாளில் விழுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலை எழுதி, அதன் உள்ளே இருப்பதையும் ஒளிக்காமல் திறந்து காட்டி, மூன்று வருஷமாக ஊருக்கே சும்மா கொடுக்கிறாய். அதை இறக்கியதிலிருந்து ஒரே விளம்பரமாக வருகிறது என்று கண்டவனும் உன்னைத் திட்டுகிறான், மாதக் கடைசியில் நிரலையே எடுத்துவிடுவேன் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். எனக்கு மனசே ஆறவில்லை. அதைக் கொடுக்கிற இணையத் தளங்களை எல்லாம் நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதியவன் பெயர் போட்டிருக்கிறார்களா, இலவசம் என்று சொல்கிறார்களா, கூடவே வேறு எதையாவது ஒட்டிவிடுகிறார்களா, இவ்வளவு பார்த்தால் போதும், "எதையும் நிறுவிடாதீங்க சித்தப்பா" என்றாய்.

நிறுவிவிட்டேன். என்னைக் குற்றம் சொல்லாதே. நம் கொரியாவில் பென்ஷன் வந்ததா என்று எட்டிப்பார்க்கவே ஐந்து பாதுகாப்பு நிரல்களை நிறுவச் சொல்கிறார்கள், ஐந்துக்கும் 'சம்மதம்' அழுத்தினால்தான் கதவு திறக்கிறது. இருபது வருஷப் பழக்கம், சம்மதம் என்ற சொல்லைக் கண்டால் விரல் தானாகப் போகிறது. தேடியதில் பதினோரு தளங்கள் அகப்பட்டன. முதல் தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினேன், உன் நிரல் வரவில்லை, கணினி வைத்தியர் ஒருவர் திரையில் வந்து ஆயிரத்து எண்ணூறு வியாதி என்றார், சம்மதம் என்றேன். இரண்டாவதில் உன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் பதினைந்து நாள் மட்டும்தான் இலவசமாம், பதினாறாம் நாள் காசு கட்டாவிட்டால் முப்பாட்டனார் எப்போது செத்தார் என்பது தெரியாமல் போய்விடுமாம். நான்காவதில் உன் நிரல் விளையாட்டுப் பகுதியில் இருந்தது, குழந்தைகள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஐந்து நட்சத்திரம் வேறு. இப்படியே பத்துத் தளம், பத்திலும் சம்மதம். இப்போது கணினியைத் திறந்தால் முடி வளரும் தைலம்தான் முதலில் வருகிறது. அதுக்காவது உங்க தலை கண்ணுக்குத் தெரிஞ்சுதே என்கிறாள் உன் சித்தி.

ஆனால் கேள், பதினோராவது தளத்தில்தான் பெரிய திருடனைப் பிடித்தேன். சாம்பல் நிறப் பக்கம், படமில்லை, நட்சத்திரமில்லை. உத்தரவாதம் கிடையாது, ஏதாவது ஆனால் நான் பொறுப்பில்லை, எடுத்துக்கொள், மாற்றிக்கொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று எழுதி வைத்திருக்கிறான். நாணயமானவன் பேசுகிற பேச்சா இது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவைகூட என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சும்மா விடுவேனா? நம் குலச் சங்கத்து மாத விருந்தில் மக்கோல்லிக் கள் இரண்டு சுற்று போனதும் எல்லோருடைய போனையும் வாங்கி, அந்தப் பக்கத்தின்மேல் புகார் அழுத்தவைத்தேன். மொத்தம் முப்பத்திரண்டு புகார். அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்த நிறுவனம் வெள்ளிக்கிழமை அதை மூடிவிடுவதாகப் பதில் போட்டுவிட்டது. உன் பெயர் தப்பியது, இனி நீ நிரலை எடுக்க வேண்டியதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. முன்னோர் எல்லோரும் அவரவர் திதியில் தவறாமல் வந்து உன்னை வாழ்த்தட்டும்.

இப்படிக்கு,
சித்தப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் உன் சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனில் அந்தச் சாம்பல் பக்கத்தைக் கடைசிவரை படித்தாள். அடியில் எறும்பு மாதிரி எழுத்தில், பக்கத்தை நடத்துபவர் என்று உன் பெயர் இருக்கிறதாம். உடனே அந்த நிறுவனத்தைக் கேட்டேன். முப்பத்திரண்டு புகாரையும் திரும்பப் பெற்றால்தான் பக்கம் பிழைக்குமாம். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என் புகாரையும் சேர்த்து முப்பத்தொன்றைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. பாக்கி ஒருவர், உன் அப்பா. நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "சும்மா குடுக்குறேன்னு சொல்றவன நம்பவே கூடாதுடா மான்-சோக். எவனோ வெவரங்கெட்டவன் பெத்த புள்ளதான் இந்த வேலையப் பாப்பான்" என்றார். அண்ணனாயிற்றே, "ஆமாண்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.