புழுங்கினால் மழை

பந்தல்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் பூமிநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மனைவி தங்கத்தாய் சொல்கிற மழையை நம்புவதில்லை.

காரணம் இருந்தது. மானாவாரிக்காரருக்குப் புழுக்கம் என்றால் மழை. வேறு அர்த்தம் தெரியாது. ஐம்பதைத் தொடப்போகும் தங்கத்தாய் திங்கட்கிழமை, "யாத்தே, என்னா புழுக்கம்!" என்று முகமெல்லாம் வேர்த்து நின்றாள். வீட்டிலிருந்த ஒரே ஃபேனுக்கு முன்னாலிருந்து பூமிநாதன் எழுந்து ஓடினார். களத்தில் காய்ந்த அத்தனை மிளகாயையும் சாக்கில் அள்ளினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. புதனும் அதே கதை. வெள்ளியும் அதே கதை. பக்கத்துக் களத்து பால்பாண்டி, "அண்ணே, மழை எந்த பஸ்ஸுல வருது?" என்று கேட்டே விட்டான்.

சனிக்கிழமை ஊர் நர்சம்மா அமுதவள்ளி இவர்கள் வீட்டுக்கு வந்தாள். பூமிநாதன் வராத மழையின் கதையைச் சொன்னார்.

"அது மழையில்லண்ணே. அக்காவுக்கு மாதவிலக்கு நிக்கிற வயசு. திடுதிப்புனு சூடு ஏறும், வேர்த்து ஊத்தும், கொஞ்ச நேரத்துல எறங்கிரும். ரொம்பப் படுத்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாங்க. இப்பத்திக்கு ஃபேனை அக்கா பக்கம் திருப்பி வைங்க."

கடைசி வாக்கியம் தவிர மற்றதெல்லாம் பூமிநாதன் மனசில் அப்படியே பதிந்தது.

ஞாயிறு மத்தியானம். ஃபேனடியில் குறட்டை விட்டவரைத் தங்கத்தாய் எழுப்பினாள்.

"ஏங்க, புழுங்குதுங்க. மொளகாயைப் போய்ப் பாருங்க."

"ஏத்தா, அது வானத்துப் புழுக்கம் இல்ல, ஒன் வயசுப் புழுக்கம். நர்சம்மா சொல்லல?"

"மேகம் கட்டுதுங்க."

"கட்டட்டும். எனக்கு இப்ப வெவரம் தெரியும்."

"வெவரமானவுக சொன்னாச் சரிதான்."

பத்தே நிமிடத்தில் மழை கொட்டியது. வருஷத்து வெள்ளாமை முழுக்கக் களத்தில் கிடக்கிறதே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால் மிளகாயின் மேல் தார்ப்பாய், நாலு மூலையிலும் கல். தொப்பலாக நனைந்து திரும்பினார். ஃபேனுக்கு முன்னால் தங்கத்தாய் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு மூடுனது?"

"நாந்தான். நீங்க தூங்கையில."

"அப்பறம் எதுக்கு என்னையப் போகச் சொன்ன?"

"திங்கக்கெழம நீங்களா ஓடுனீக. அன்னைக்குத்தான் இந்த ஃபேன் காத்து எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அதான் புதனும் வெள்ளியும்..."

அந்த மூன்று நாளும் அவள் ரவிக்கை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது இப்போதுதான் பூமிநாதனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கால் ஃபேன் பக்கம் நகர்ந்தது.

"அங்கிட்டே நில்லுங்க," என்றாள் தங்கத்தாய். "நனைஞ்ச ஒடம்புக்கு ஃபேன் காத்து ஆகாது."