ஏராளமான தவளை

தவளைகள் குறைந்து வருவதாகச் சிலர் கிளப்பிவிட்ட வதந்தியை முறியடிக்கும் பொருட்டு, நீர்நில உயிரினப் பாதுகாப்பு அலுவலகம் ஒரு வண்ண ஆல்பம் வெளியிடத் தீர்மானித்தது. படமெடுக்கும் பொறுப்பு, வேறெதற்கும் லாயக்கில்லை என்று சொந்த மாமனாராலேயே சான்றளிக்கப்பட்ட ஒரு புகைப்படக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த சதுப்பில் அவர் வாரக்கணக்கில் சேற்றோடு சேறாகக் கிடந்தார். கொசுக்கள் அவரைக் குடும்பத்தில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டன. கடைசியில் கோரைப்புல் நடுவே ஒரு தவளை தென்பட்டது. பச்சை முதுகு, தங்க நிறக் கண். தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரியிடம் ஓடினார்.

"சார், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. துணைக்குக்கூட இன்னொண்ணு இல்லை. உடனே ஏதாவது செய்யணும்."

"கண்டிப்பா," என்றார் அதிகாரி. "முதல்ல இடது பக்கமா ஒரு படம் எடுங்க."

"எடுத்துட்டேன்."

"வலது பக்கம்?"

"அதுவும்."

"ஆக, ரெண்டு தவளை ஆச்சு. மழையில நனைஞ்சா மூணு. நிழல்ல உட்கார்ந்தா கறுப்பாத் தெரியும், அது வேற இனம். இத்தனையை வச்சுக்கிட்டு ஒண்ணுதான் இருக்குன்னு வந்து நிக்கிறீங்களே!"

"எல்லாம் அதே தவளைதானே சார்?"

"அதை அந்தத் தவளை வந்து சொல்லட்டும்."

தவளை வந்து சொல்லவில்லை. புகைப்படக்காரரும் சொல்லவில்லை; ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயர் வரப்போகிறதல்லவா? குப்புறப் படுத்தும் மல்லாந்து படுத்தும் எடுத்துத் தள்ளினார். தவளையும் பாவம், நாளடைவில் அவருக்குப் பழகிப்போய், அசையாமல் உட்கார்ந்து ஒத்துழைத்தது. அதுவே வினையாகப் போயிற்று. ஒரு தண்ணிப்பாம்பு வந்து, அவர் கண்ணெதிரே அதை விழுங்கியது. வாய் "ஐயோ" என்று அலறியது. விரல் தன் பாட்டுக்குப் படமெடுத்தது.

அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அதிகாரிக்கு வந்தது.

"பாம்புக்கே வயிறு முட்டக் கிடைக்குதுன்னா, தவளை எவ்வளவு இருக்கணும்! இதுதான்யா அட்டைப்படம்!"

ஆல்பம் வெளிவந்ததும் ஊருக்கே தவளைப் பைத்தியம் பிடித்தது. பச்சைச் சட்டை, முட்டைக்கண் வைத்த தொப்பி, கைபேசியில் தவளைச் சத்தம். தவளையோடு செல்ஃபி எடுக்கக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் சதுப்பை மிதித்து மைதானமாக்கினார்கள்.

பாராட்டு விழாவில் கேடயத்தை வாங்கிய புகைப்படக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டார்: "நீங்க பார்த்தது எல்லாமே ஒரே தவளை. அதுவும் இப்போ இல்லை."

எழுந்த கைதட்டலில் அரங்கத்தின் கூரை அதிர்ந்தது. முட்டைக்கண் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "எல்லா உயிரும் ஒண்ணுதான்னு எவ்வளவு ஆழமாச் சொல்லிட்டார்!"

வீடு திரும்பும்போது மனைவி மெல்லக் கேட்டாள்: "ஏங்க, உண்மையைப் போட்டு உடைச்சிட்டீங்களே, இனிமே வேலை வருமா?"

"வந்தாச்சு. அடுத்தது பாம்பு ஆல்பம்."

"பாம்பாவது இருக்கா?"

"அது ஒண்ணு இருக்கு. தின்ன எதுவுமில்லாம நூலா இளைச்சுக் கிடக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சுருண்டு படுத்திருக்கும்போது எடுங்க," என்றாள் அக்கறையாக. "குண்டாத் தெரியும்."