முப்பத்திரண்டாவது மாடியில் ஒரு பசு

ஒரு காட்டில் ஒரு பசு இருந்தது. காட்டில் பசுவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் எழுந்து போய் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். இது அந்தக் காலத்துக் காடு இல்லை. கொன்றை மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, கொன்றை நகர் என்று பெயர் வைத்த காடு. அங்கே சிக்னல் உண்டு, மேம்பாலம் உண்டு, தண்ணீர் லாரி உண்டு, புலியிலிருந்து பெருச்சாளி வரைக்கும் எல்லோர் கையிலும் போன் உண்டு. மரம்தான் கிடையாது. மரத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம், கதைக்கு வருவோம்.

பசுவின் பெயர் பவளக்கொடி. புதுவீட்டுக்குள் முதலில் நுழைவதுதான் அவளுடைய தொழில். கொன்றை நகரில் யார் வீடு வாங்கினாலும், பால் காய்ச்சுவதற்கு முன்னால் பசு ஒன்று வாசல்படி தாண்டி உள்ளே போக வேண்டும். பசு போனால் லட்சுமியே போன மாதிரி என்று நம்பிக்கை. பவளக்கொடி நெற்றியில் மஞ்சள் குங்குமத்தோடு போவாள், ஹாலை ஒரு சுற்றுச் சுற்றுவாள். மனசு வைத்துக் கொஞ்சம் சாணி போட்டுவிட்டால் வீட்டுக்காரர்களுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், போட்டோ எடுப்பார்கள். அடுத்த நிமிஷமே, "சரி சரி, சீக்கிரம் ஓட்டிக்கிட்டுப் போங்க, டைல்ஸ் வழுக்கும்" என்பார்கள். அந்த ஊரில் அவள் முதலில் நுழையாத வீடு ஒன்றுகூட இல்லை. அதில் ஒரு வீட்டிலாவது அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை.

அவளுக்கென்று ஒரு கொட்டகை முன்பு இருந்தது. 'கொன்றைவனம் டவர்ஸ்' கட்டினபோது, விருந்தாளிகள் கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மேம்பாலத்துக்கு அடியில்தான் வாசம். தனிக்கட்டையாக இருந்தவரைக்கும் அவளும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இப்போது நிறைமாதம். போதாக்குறைக்கு மழைவேறு பிடித்துக்கொண்டு, மேம்பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீர் நின்றது. தன் கன்று பிறந்ததும் சாக்கடைத் தண்ணீரில்தான் விழப் போகிறதா என்று நினைத்து நினைத்து அவளுக்கு அசைபோடவே பிடிக்கவில்லை. ஈரமில்லாத ஒரு மூலை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எங்கே கிடைக்கிறது?

அப்படி நின்றுகொண்டிருந்தவளைத் தேடி வீட்டுப் புரோக்கர் சபாநாயகம் வந்தார். சபாநாயகம் ஒரு கொக்கு. பொறுமைசாலி. ஒரு பார்ட்டி சிக்குகிற வரைக்கும் ஒற்றைக்காலில் நிற்கக்கூடியவர்.

"பவளக்கொடியம்மா, நாளைக்குக் காலையில ஒரு கிரகப்பிரவேசம் இருக்கு. டவர்ஸ்ல மேல் மாடி, பென்ட்ஹவுஸ்."

"அதுவா? அது விக்காம கிடக்குன்னு சொன்னாங்களே அண்ணே."

விற்காமல்தான் கிடந்தது. முப்பத்திரண்டாவது மாடி முழுக்க ஒரே வீடு. மொட்டைமாடியில் நிஜப் புல்தரை, தனி நீச்சல் குளம், கை தட்டினால் எரிகிற விளக்கு, குளியலறையில் நின்று பார்த்தால் கடல். என்ன இருந்து என்ன, வாசல் தெற்குப் பார்த்து இருந்தது. வந்த பார்ட்டியெல்லாம் கடலை ரசித்துவிட்டு, காம்பஸை எடுத்துப் பார்த்துவிட்டு, காப்பியையும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நின்று நின்று சபாநாயகத்துக்குக் காலே மரத்துப்போயிருந்தது.

கடைசியில் துரைக்கண்ணு என்கிற சிறுத்தை மாட்டியது. வெளிநாட்டில் சம்பாதித்த சிறுத்தை. டவர்ஸில் சைவக்காரர்களுக்கு மட்டும்தான் வீடு என்று ஒரு விதி உண்டு. "நான் சுத்த சைவம். பிறந்ததிலேர்ந்து தயிர்சாதம்தான்" என்று துரைக்கண்ணு குடியிருப்போர் சங்கத்தின் முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தது. பல்லிடுக்கில் என்னமோ இருந்ததைச் சங்கத்தாரும் பார்த்தார்கள். பார்ட்டி பெரிய பார்ட்டி என்பதால், கறிவேப்பிலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தெற்கு வாசலுக்குப் பரிகாரம் சொன்னவர் வாஸ்து நிபுணர் பரமேஸ்வரன். அவர் ஒரு பல்லி. ஊரில் யாரும் அவர் வார்த்தையைத் தட்டுவதில்லை. சுவரில் இருந்தபடியே 'ச்சு' என்று ஒரு தடவை சொன்னால் ஒரு அர்த்தம், இரண்டு தடவை சொன்னால் வேறு அர்த்தம், என்ன அர்த்தம் என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும். "நிறைமாதப் பசு முதல்ல உள்ளே போகணும். போயிட்டா தோஷம் போச்சு" என்று அவர் சொல்லிவிட்டார். அதனால்தான் சபாநாயகம் இந்த மழையில் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

"கூலிக்கு ரெண்டு கட்டு அகத்திக்கீரை வாங்கித் தரேன்" என்றார்.

பவளக்கொடி சரி என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பாள்?

மறுநாள் காலை சர்வீஸ் லிஃப்டில் ஏற்றினார்கள். மேலே போகப் போகக் காது அடைத்தது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தவளுக்கு முதலில் பட்டது வீட்டின் அழகு இல்லை. தரை காய்ந்திருந்தது. நான்கு குளம்பையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், எங்கேயும் சொட்டு ஈரமில்லை. கண்ணாடிக்கு வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அதன் சத்தம்கூட வரவில்லை.

ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினாள். வெள்ளைப் பளிங்கின் நடுவில் சாணி போட்டாள். துரைக்கண்ணு உருகிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பால் பொங்கியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

"போதும்மா, கிளம்பலாம்" என்றார் சபாநாயகம்.

பவளக்கொடி வாசல் வரைக்கும் வந்தாள். வாசல்படியில் வந்ததும் அடிவயிற்றில் சுரீர் என்று ஒரு வலி எடுத்தது. இன்றைக்கேதான் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. கீழே முழங்கால் தண்ணீர். அவள் அப்படியே நின்றுவிட்டாள். பயத்தில்தான் கேட்டாள், வேறு எந்தச் சூதும் அவளுக்கு அப்போது தெரியாது.

"ஒரு சந்தேகம் அண்ணே. நான் உள்ள போனா லட்சுமி உள்ள போன மாதிரின்னு சொல்றீங்க. அப்ப நான் வெளிய போனா?"

சபாநாயகம் தூக்கின காலைக் கீழே வைக்க மறந்துபோனார். இத்தனை வருஷத்தில் இத்தனை வீடு திறந்திருக்கிறார்கள், இப்படி ஒரு கேள்வியை எந்த மாடும் கேட்டதில்லை. எல்லோரும் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

பரமேஸ்வரனுக்குத் தர்மசங்கடம். பசு வெளியே போனால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால், உள்ளே வந்தபோது மட்டும் என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம் பரிகாரம் என்னாவது, பல்லி என்னாவது, பிழைப்பு என்னாவது? வாலை இரண்டு தடவை ஆட்டினார்.

"ச்சு. சாஸ்திரத்துல இதுக்கு நேரடியா விதி இல்லை. ஆனா தெற்கு வாசல் வழியா லட்சுமி வெளியே போறது அவ்வளவு உசிதமில்லை."

துரைக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது. "பின்வாசல் வழியா அனுப்புங்களேன்" என்றது.

"பென்ட்ஹவுஸுக்கு ஒரே வாசல்தான் சார். பிரைவசி. அதைச் சொல்லித்தானே உங்களுக்கு வித்தேன்" என்றார் சபாநாயகம்.

"இன்னும் பத்திரமே பதியலையேய்யா."

"அப்ப பதியற வரைக்கும் இருக்கட்டும் சார். அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்படித்தான் பவளக்கொடி அங்கே தங்கினாள். மத்தியானம் மொட்டைமாடிக்குப் போகிற கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், கம்பளத்தின் மேல், அவளுக்குப் பெண் கன்று பிறந்தது. நக்கி நக்கிக் காயவைத்தாள். கன்றின் ஒரு காலில்கூடச் சேறு இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டுத் துரைக்கண்ணு எட்டிப் பார்த்தது. கன்றைப் பார்த்தது. மூக்கு தானாக விரிந்தது. நாக்கு ஒரு பக்கமாக வெளியே வந்து மீசையைத் துடைத்துவிட்டு உள்ளே போனது. பவளக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். காய்ந்த இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோமே, சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்காமல் போனோமே என்று கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கன்றுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார் இங்க எப்ப குடிவரப் போறீங்க?" என்று கேட்டாள்.

"குடிவரதா?" துரைக்கண்ணு கன்றிடமிருந்து கண்ணைக் கஷ்டப்பட்டுப் பிடுங்கிக்கொண்டு சிரித்தது. "நான் எதுக்கும்மா இங்க வந்து கஷ்டப்படணும்? இவங்க சங்கத்துல வெங்காயம் வதக்கினாலே நோட்டீஸ் விடறாங்க. இது முதலீடு. பூட்டிப் போட்டா விலை தன்னால ஏறும், ஏறினதும் தள்ளிடுவேன்."

பரமேஸ்வரன் சுவரிலிருந்து நல்ல நேரம் பார்த்து 'ச்சு' என்றார். "புதுவீட்டுல கன்னு பிறந்திருக்கு. லட்சுமிக்கே வாரிசு வந்திருக்கு. விலை எங்கேயோ போகப் போகுது. இவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கிற வரைக்கும் இறங்கவே இறங்காது."

துரைக்கண்ணு நெகிழ்ந்துபோயிற்று. ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. மாதாமாதம் புல்லுக்கும் புண்ணாக்குக்கும் ஏற்பாடு செய்தது. பத்திரம் பதிந்த கையோடு வெளிநாட்டுக்குப் பறந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

துரைக்கண்ணு ஆறே மாதத்தில் வீட்டை ஒரு கரடிக்கு விற்றது, கரடி ஒரு ஓநாய்க்கு விற்றது. விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒருத்தராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிவரவேண்டுமே, வரவில்லை. பவளக்கொடி மொட்டைமாடிப் புல்லை மேய்ந்தாள், நீச்சல் குளத்தில் தண்ணீர் குடித்தாள். கை தட்டினால் எரிகிற விளக்கை வாலால் சுவரில் அடித்தே போடப் பழகிக்கொண்டாள். கன்றும் வளர்ந்து, கடல் தெரியாத பக்கம் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சபாநாயகம் தொப்பலாக நனைந்துகொண்டு வந்து மணியடித்தார். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த சபாநாயகத்துக்குச் சொந்தமாக ஒரு கூடு கிடையாது. இதுநாள்வரை நின்றுகொண்டிருந்த ஏரிக்கரையிலும் அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த மனையை விற்றுக் கொடுத்தவரும் அவரேதான்.

பவளக்கொடி சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"அம்மா, மழை விடற வரைக்கும் பால்கனியில ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

"நீங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள் பவளக்கொடி.

"நான் ஒருத்தன்தான்மா. உனக்குத் தெரியாதா?"

"ராத்திரி லேட்டா வருவீங்களா? மீன் சாப்பிடுவீங்கல்ல?"

"சமைக்க மாட்டேன்மா. சத்தியமா. ஒரு கால் வைக்க இடம் கொடு, போதும். நான் ஒத்தக்கால்லதான் நிப்பேன்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் அண்ணே சொல்லுவாங்க" என்றாள் பவளக்கொடி. "நாலு நாள் போனா இன்னொரு காலையும் வைப்பீங்க. சங்கத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

கதவைச் சாத்தும்போது அவளுக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அதற்குள் கன்று கூப்பிட்டது, உள்ளே போய்விட்டாள்.

நீதி: புதுவீட்டுக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாக உள்ளே போங்கள், கடைசி ஆளாகக்கூட வெளியே வராதீர்கள்.