ரூட்டருக்குப் புதுப் புத்தி

படுக்கையறையில் வைஃபை இரண்டு கோடுதான் காட்டியது. லிஃப்ட் மெக்கானிக்கின் மனம் கேட்கவில்லை.

"நாலு கோடு வரணும்" என்றான்.

"ரெண்டு போதுங்க. ரெண்டுலயே முகம் தெரியும், குரல் கேக்கும்" என்றாள் மனைவி.

மணி ஒன்பது. பதினொன்றுக்கு அவளுக்கு இணையம் வழியாக இன்டர்வியூ. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை. குழந்தைக்காக வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்த வேலை கிடைக்கவேண்டும் என்று அவளைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம். துணைக்கு இருப்பதற்கென்றே லீவு போட்டிருந்தான். வெறுமனே துணைக்கு இருந்தால் பரவாயில்லை, ஆனால் அவன் கை சும்மா இருக்காது.

முக்கியமான நாள் வந்தால் மற்றவர்கள் வீட்டைப் பெருக்குவார்கள். இவன் எதையாவது கழற்றுவான். கல்யாணமான புதிதில், அவள் கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிய காலையில், வாசல் பூட்டுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று ஆரம்பித்தான். அவள் ஸ்டூல் போட்டு ஜன்னல் வழியாக இறங்கிப் போய்ப் பரீட்சை எழுதினாள்.

இந்தத் தடவை ரூட்டர். அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனி போட்டு அனுப்பிய ஃபர்ம்வேரை அவன் இரண்டு வருஷத்துக்கு முன்பே தூக்கிவிட்டு, ஊர் பேர் தெரியாத நாலு பேர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஃபர்ம்வேரை ஏற்றியிருந்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதை நேற்று பார்த்துத் தொலைத்தான்.

"ரூட்டருக்குப் புதுப் புத்தி வைக்கப்போறேன். அஞ்சு நிமிஷம்."

"பழைய புத்திக்கு என்ன குறை?"

"பழசா இருக்கே."

"சரி, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்க உட்கார்ந்தாள். இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது அவனுக்குப் பெருமையாக இருந்தது. தன் திறமை மேல் கடைசியில் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

'பழைய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளவா?' என்று திரை கேட்டது. கேட்கிற விதத்திலேயே மரியாதை இருந்ததால் டிக் அடித்தான். இந்தப் பதிப்புக்கு மாறும்போது அந்தக் கட்டத்தைத் தொடவே கூடாது என்று பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தான்.

ரூட்டர் அணைந்தது, கண் விழித்தது. வைஃபையின் பெயரே காணோம். இரண்டு கோடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"ஆச்சா?" என்றாள்.

"ஆயிட்டே இருக்கு."

குண்டூசியால் ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தினான். எல்லாம் அழிந்து ரூட்டர் பச்சைக் குழந்தையாக எழுந்தது. ஆனால் இந்த ஃபர்ம்வேர் பிறக்கும்போது வைஃபையை அணைத்துவைத்துக்கொண்டே பிறக்கும். கேபிள் செருகி உள்ளே போய் நாம்தான் போட்டுவிடவேண்டும். அவனுடைய புது லேப்டாப்பில் கேபிள் செருக ஓட்டை இல்லை. அவளுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது.

"உன் லேப்டாப்பைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"இன்டர்வியூவுக்குன்னு துடைச்சு வெச்சிருக்கேனே?"

"துடைச்சது நல்லதாப் போச்சு."

வைஃபையை மட்டும் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வந்தது வந்தோம், இன்னொரு தடவை சுத்தமாகவே ஏற்றிவிடுவோம் என்று பென்டிரைவை எடுத்தான். அதில் இரண்டாம் மாடலுக்கு ஒரு கோப்பு, மூன்றாம் மாடலுக்கு ஒரு கோப்பு. ரூட்டரின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் அந்த எண் மட்டும் தேய்ந்திருந்தது. மூன்றுதான் என்று முடிவுகட்டினான். 'இந்தக் கோப்பு இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது, இருந்தாலும் ஏற்றவா?' என்று திரை இழுத்தது. இந்த வீட்டில் எதுவும் அவன் பேச்சை முதல் தடவையில் கேட்டதில்லை. ஏற்று என்றான்.

எல்லா விளக்கும் ஒருசேர எரிந்தன. அப்புறம் எல்லாமே அணைந்தன.

மணி பத்தேகால். செத்த ரூட்டரை எழுப்புவது எப்படி என்று பார்க்கவேண்டும். அந்த வீட்டில் செல்போன் சிக்னல் ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்றால்தான் வரும். ஒட்டி நின்று அரைமணி நேர வீடியோ ஒன்றைப் பார்த்தான். லேப்டாப்பின் வைஃபையை அணை என்றார்கள், அணைத்தான். ஃபயர்வாலை எடு என்றார்கள், எடுத்தான். அடுத்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்ல அந்த ஆள் வாயைத் திறந்தபோது அன்றைய டேட்டா தீர்ந்தது.

"உன் போனைக் கொடு" என்றான்.

"அதுல ஏது டேட்டா? வீட்டுல வைஃபை இருக்கும்போது எதுக்குத் தண்டம்னு நிறுத்தச் சொன்னது நீங்கதானே?"

மணி பத்து ஐம்பது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரல் அவனுக்குத் தானாக வந்துவிட்டது.

"யாரும் பதட்டப்படாதீங்க. உள்ள காத்து வரும். அஞ்சு நிமிஷத்துல வெளியில எடுத்துடுவேன்."

"நான் பதட்டப்படலீங்களே" என்று அவள் அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள்.

அந்த நிதானம்தான் அவனை அறுத்தது. ஏழு வருஷம் காத்திருந்தவள், ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்படி ஒருத்திக்கு இப்படி ஒரு புருஷனா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. பூட்டு என்றால் ஜன்னல் இருந்தது. இதற்கு எந்த ஜன்னல்?

லேப்டாப்பை மார்போடு பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினான். அங்கே தையல்கார அக்கா கழுத்தில் டேப்போடு கதவைத் திறந்தார்.

"அக்கா, உங்க வைஃபை பாஸ்வேர்டு வேணும். அவளுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. எங்க ரூட்டரை நான் கெடுத்துட்டேன். முழுக்க என் தப்புதான். அவளுக்கு இந்த வேலை கிடைக்கலேன்னா என்னால அவ முகத்துல முழிக்க முடியாது."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உக்காருங்க தம்பி. அவ நேத்தே இங்க உக்காந்து இன்டர்வியூவை முடிச்சு, வேலையும் கிடைச்சாச்சு. உங்ககிட்ட மட்டும்தான் ஒரு நாள் தள்ளிச் சொல்லியிருக்கா."