தண்டபாணி கல்லூரி வரிசை வகுத்த படலம்

வாழ்க தண்டபாணி! பெருந்துறை மண்ணில் பிறந்தவன்; வேற்று மாநிலத் தலைநகருக்குப் பிழைக்க வந்து, அங்கே பட்டான்செரு மருந்தாலையில் மாத்திரைகளின் தரம் காப்பவன்; அரை மில்லிகிராம் மிகுந்த குற்றத்துக்காக ஓர் இலட்சம் மாத்திரைகளை ஒரே கையெழுத்தில் ஒழித்துவிட்டு, அன்று மதியம் தயிர்சாதத்தை நிம்மதியாக உண்டவன்; ஏ.எஸ்.ராவ் நகரின் மூன்றாம் மாடி அரண்மனைக்கு, லிஃப்ட் இயங்கும் நாட்களில் தேரேறியும் இயங்காத நாட்களில் கால்நடையாகவும் திரும்புபவன். எக்செல் என்னும் ஆயிரங்கட்டக் கேடயம் தரித்தவன். வாளெடுத்தவர்களைப் பாடப் பலர் இருந்தார்கள். பட்டியல் எடுத்தவனைப் பாட நாமாவது இருப்போம்.

கவுன்சலிங் இணையதளத்தைக் காக்கும் தெய்வமே, இந்தப் படலம் முடியும்வரை சர்வர் விழாமல் அருள்க.

போரின் காரணம் இது. அவன் ஒரே மகள் மைதிலி, பொறியியல் நுழைவுத் தேர்வில் ஐயாயிரத்து இருநூற்றுப் பதினான்காம் ரேங்க் பெற்றாள். மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றின் கதவுகள் அந்த ரேங்குக்குத் திறக்கும். எந்தக் கதவில் நுழைவது என்பதை மாணவர் எழுதித் தரும் வரிசையே தீர்மானிக்கும். கணினி அந்த வரிசையின் மேலிருந்து கீழே இறங்கி வரும். ரேங்குக்கு எட்டும் முதல் பெயரில் நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பவற்றைத் திரும்பியும் பாராது. மைதிலிக்கு மூன்றும் எட்டும். ஆகவே முதல் வரியில் நிற்கும் பெயரே அவளுடைய அடுத்த நான்கு ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வரிசையை ஃப்ரீஸ் செய்ய வேண்டும். செய்தபின் தேவர்களாலும் திருத்த முடியாது.

மூன்று கோட்டைகளையும் அறிக. நகர்க்கோட்டை பழையது, கருங்கல்லால் ஆனது, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். மேற்குக்கோட்டை மெட்ரோ முடியும் இடத்துக்கும் அப்பால், பட்டான்செரு போகும் சாலையில் நிமிர்ந்து நிற்பது. மூன்றிலும் நுழைவதற்கு அரியது. தொலைகோட்டை ரயிலில் மூன்று மணி நேரம். அங்கே சேர்ந்தால் ஹாஸ்டல்தான், வேறு வழியில்லை.

வீட்டில் படை மூன்றாகப் பிரிந்தது. நாயகி வசந்தி நகர்க்கோட்டையின் பக்கம் நின்றாள். மகள் காலையில் சாப்பிட்டுப் போய் மாலையில் வந்து சாப்பிட வேண்டும் என்பதே அவளுடைய முழக்கம். தண்டபாணி மேற்கின் பக்கம் நின்றான். எங்கே நுழைவது கடினமோ அங்கே நுழைவதே வீரம் என்று பறைசாற்றினான். அவன் பறைசாற்றாத காரணம் ஒன்றும் இருந்தது. மகளின் பள்ளிக்காக அவன் நகரத்தின் இந்தக் கோடியில் குடியேறி, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் காலை ஆறு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஆறு ஆண்டுகளாக மகள் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிடைத்தாள். மேற்குக்கோட்டையின் வாசல் அந்தப் பஸ் போகும் வழியில் இருந்தது. "கம்பெனி பஸ் அந்த கேட்டு வழியாத்தான் போவுது, கண்ணு. ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வந்தரலாம்" என்று ஒரே ஒருமுறை சொன்னான். பின்னர் வகுத்த எக்செல் தாளில் அதற்குக் கட்டம் ஒதுக்கவில்லை.

மைதிலி தொலைகோட்டையை விரும்பினாள். டிசம்பரில் அறிவியல் கண்காட்சிக்காக மூன்று நாள் அந்த ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அங்கே அறைக்குக் கதவு இருந்தது. சாத்தினால் சாத்தியபடி இருந்தது. இந்த வீட்டில் இரண்டாவது படுக்கையறை, ஹைடெக் சிட்டிக்கு இண்டர்வியூவுக்கு வரும் ஈரோடு மாவட்டத்து உறவினர்களின் சத்திரம். மைதிலி ஐந்தாண்டுகளாகச் சாப்பாட்டு மேசையில் படித்தாள். பௌதிகத்தைப் பெரும்பாலும் யாரோ ஒரு சித்தப்பா மோர்சாதம் பிசையும் ஓசையில் கற்றாள். அவளுக்கு ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் வீட்டைக் குறை சொன்னதாக ஆகும் என்று சொல்லாதிருந்தாள்.

தண்டபாணி நடுநிலை தவறாதவன். சண்டை வேண்டாம், தாள் சொல்லட்டும் என்றான். நூறு மதிப்பெண் வகுத்தான். நுழைவதற்கான போட்டிக்கு எழுபது, தூரத்துக்கு இருபது, வளாகம் பெண்ணுக்கு ஒத்துப்போவதற்குப் பத்து.

"மனசுக்குப் பிடிக்கறதுக்கு ஒன்லி டென்னா, அப்பா?"

"இன்டர்னல் மார்க்கு மாதிரி, கண்ணு."

அந்தப் பத்தை நிரப்பும் பொருட்டு இரண்டு ஞாயிறுகள் திக்விஜயம் நடந்தது. மேற்குக்கோட்டையில் விடுமுறை என்று காவலர் உள்ளே விடவில்லை. யானைப்படை கண்டும் அஞ்சாத நெஞ்சினான் அந்த லத்தியைக் கண்டு ஒதுங்கி, மதிலோரமாக ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்து, மதிலின் உறுதியை மெச்சி எட்டு மதிப்பெண் இட்டான். நகர்க்கோட்டையில் உள்ளே விட்டார்கள். வசந்தி கேண்டீன் சாம்பாரை ஒரு கரண்டி சுவைத்துவிட்டு இனிப்பு என்றாள்; ஏழு ஆறானது. தொலைகோட்டைக்கு யாரும் போகவில்லை. தெரியாத இடத்துக்குச் சராசரி போடுவதே முறை என்று ஐந்து போட்டான். மூன்று நாள் அங்கேயே தங்கியவளை யாரும் கேட்கவில்லை.

போர்நாள் வந்தது. ஞாயிறு, மதியம் மூன்றரை. பிரியாணி உண்ட மயக்கத்தில் நகரமே கண்ணயர்ந்திருக்க, தண்டபாணி ஒருவன் மட்டும் மடிக்கணினியின் முன் நெற்றியில் விபூதியோடு அமர்ந்தான். எழுபது மதிப்பெண்ணின் பெருங்கட்டம் இன்னும் காலி. சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்ற மாணவரின் ரேங்க் என்ன என்ற பட்டியலைத் திறந்தான். மேற்கு, ஆறாயிரத்து நூறு. நகரம், ஒன்பதாயிரத்து எண்ணூறு. தொலைவு, இருபத்தோராயிரம்.

இங்கேதான், கேளுங்கள், விதி தன் சுண்டுவிரலை நீட்டியது. தண்டபாணி வளர்ந்த நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கூட்டி இருநூறுக்குக் கட்-ஆஃப் போடுவார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு கேட்கும் கல்லூரி பெரியது. நூற்றைம்பது கேட்பது சிறியது. எண் பெரிதானால் கல்லூரி பெரிது என்பது அந்நாட்டு மக்கள் தாய்ப்பாலோடு பருகும் ஞானம். மகளின் ரேங்க் சிறியதாக வந்தபோது மகிழத் தெரிந்த அதே மனிதனின் கைவிரல்கள், கல்லூரிப் பட்டியலைக் கண்டதும் பெருந்துறைக்குத் திரும்பிவிட்டன. மிகப் பெரிய எண்ணுக்கு முழு எழுபது. மற்றவற்றுக்கு அந்த விகிதத்தில். சூத்திரத்தை இழுத்தான். கட்டங்கள் நிரம்பின.

தொலைகோட்டை, எழுபத்தேழு. நகர்க்கோட்டை, ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு ஏழு. மேற்குக்கோட்டை, நாற்பது புள்ளி மூன்று மூன்று.

தான் எறிந்த வேல் தன் மார்புக்கே திரும்பி வரக் கண்ட வீரன்போல் தண்டபாணி இருந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தான். கூட்டலைச் சரிபார்த்தான், கூட்டல் சரியாக இருந்தது. தாளைத் திருத்த ஒரு கணம் கை எழுந்தது. ஆனால் ஆய்வக முடிவைத் தன் விருப்பத்துக்குத் திருத்தியவர்களை அவனே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறான்.

"டேட்டா சொன்னாக் கேட்டுக்கணும்" என்றான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "தூரமாத்தான் போகோணும்போல."

உடனே கோபிச்செட்டிபாளையத்துக்குச் செய்தி பறந்தது. வசந்தியின் அண்ணன் சின்னசாமி, தன் மகன் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்-ஆஃப் எடுத்ததை இரண்டு ஆண்டுகளாக எல்லாக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பரிமாறி வருபவர். ஸ்பீக்கரில் அவர் எண்ணைத் திருப்பிக் கேட்டார்.

"இருபத்தோராயிரமுங்களா, மாப்ள?"

"ஆமாங்க மச்சான்."

"அடேங்கப்பா" என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுக் கல்யாணப் பந்திகளுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்லில் பதில் கிடைத்தது. தண்டபாணியின் முகம் சற்றே தெளிந்தது.

அவன் முதுகுக்குப் பின் நின்றிருந்த மைதிலி தாளை ஒருமுறைதான் பார்த்தாள். பிழை அவளுக்கு உடனே தெரிந்தது. கடைசி ரேங்க் சிறியதாக இருக்கும் இடமே நுழையக் கடினமானது. சூத்திரம் தலைகீழாக நிற்கிறது. நேராக்கினால் தொலைகோட்டை அடியில் போய் மேற்குக்கோட்டை உச்சியில் ஏறும். ஒரு சொல் போதும். பதினெட்டு நாள் போரில் மாண்டவர்களைவிட அதிகம் பேர் அந்த ஒரு நிமிடத்தில் அவள் நெஞ்சுக்குள் மாண்டார்கள். ஒருபுறம், கதவு. மறுபுறம், ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வந்தரலாம் என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, அதைத் தாளில் எழுத வெட்கப்பட்ட மனிதர். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் அடுத்த வீட்டு நந்தகுமார், அடுக்ககச் சங்கத்துச் செயலாளர், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். இரண்டு அறையில் ஒன்பது பேராக வளர்ந்தவர். தம் மகன்கள் இருவரையும் இதே கவுன்சலிங்கில் கரை சேர்த்தவர். தண்ணீர் டேங்கர் வராததைச் சொல்ல வந்தவரைத் தண்டபாணி மடிக்கணினியின் முன் இழுத்துப் போய் நிறுத்தினான்.

நந்தகுமார் குனிந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"அண்ணா, இது கைக்கு மேல இருக்கு, ஏன் மேல இருக்கு? இந்த நம்பரு…"

"அங்கிள்," என்றாள் மைதிலி, "டீ குடிக்கிறீங்களா?"

"நக்கோ மா, வேணாம், இப்பதான்…" என்று திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு, உள்ளறையிலிருந்து துண்டோடு வெளியே வந்து குளியலறை காலியா என்று கேட்ட ஒரு பெரியப்பா மகனையும் பார்த்தார். உலகத்தின் தூதர்கள் பல நாள் பேசி முடிக்கும் உடன்படிக்கை அங்கே மூன்று பார்வையில் முடிந்தது.

"ஹவ் மா, சரி. அரை கிளாஸ் குடு."

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றான் தண்டபாணி.

"ஒண்ணுமில்ல அண்ணா. பெரிய நம்பரு. பெரிய காலேஜ்."

ஐந்து நாற்பத்தைந்துக்கு வரிசை ஏற்றப்பட்டது. தொலைவு, நகரம், மேற்கு. தண்டபாணி மூன்றுமுறை உரக்கப் படித்தான். ஃப்ரீஸ் என்ற பொத்தானை அழுத்தினான். இறுதி வாயிலில் ஆறு இலக்க ஓடிபி கேட்டது இணையதளம். பதிவு செய்த அன்று அவன் ஆலையில் இருந்ததால் அந்த எண் வசந்தியின் போனுக்கு வரும். நம் நாயகி, மூன்று நாளாக ஒரு வார்த்தையும் பேசாதவள், சமையலறையில் போனும் கையுமாக நின்றாள். டீ பாத்திரத்தைக் கழுவும் சாக்கில் மைதிலியும் அங்கே நின்றாள். நகர்க்கோட்டை இரண்டாம் வரியில் தோற்றுக் கிடந்தது. வசந்தி அந்த எண்ணைப் படிக்காமல் பதினைந்து நிமிடம் நின்றால் போதும்; கதை வேறாகும்.

"ஏம் புள்ள, ஓடிபி வந்துச்சா?" என்று கூடத்திலிருந்து முழங்கினான் தண்டபாணி.

வசந்தி மகளைத்தான் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த ஊர்ல சின்ன நம்பர்தான் பெருசு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மைதிலியின் கையிலிருந்த பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லவா, அம்மா?"

"சொல்லி? காலைல ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கெளம்பி ராத்திரி எட்டு மணிக்கு வருவீங்க. பஸ்ஸுல ரெண்டு பேரும் தூங்குவீங்க. அவரு கொறட்டை விடுவாரு." கை நீட்டிக் குழாயை மூடினாள். "நான் ஹாஸ்டல்ல இருந்ததில்ல. எப்படி இருக்குதுன்னு வந்து சொல்லு."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடம் அதிர, ஏழு, ஒன்று, ஒன்று, நான்கு, பூஜ்யம், எட்டு என்று ஒவ்வோர் இலக்கமாக எறிந்தாள். ஆறு அம்புகளும் குறி தவறாமல் பாய்ந்தன. திரை பச்சையாயிற்று. வரிசை உறைந்தது. விண்ணோர் பூமாரி பொழிந்திருக்கக்கூடும். மூன்றாம் மாடிக்கு மேலே இரண்டு மாடிகள் இருந்ததால் வந்து சேரவில்லை.

பத்து நாளில் இடம் ஒதுக்கப்பட்டது, தொலைகோட்டையில். நுழைவதற்கே அத்தனை அரிய கோட்டைக்குள் தன் மகள் நுழைந்த வரலாற்றைத் தண்டபாணி ஆலையின் ஆய்வகத்திலும், கம்பெனி பஸ்ஸின் கடைசி இருக்கைவரையிலும், கோபி, பெருந்துறை, காங்கேயம் முதலிய திசைகள் அனைத்திலும் பரப்பினான். அந்தப் பஸ்ஸில் உள்ளூர்க்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போய் ஹாஸ்டலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினார்கள்.